ஐந்து டாக்டர்களும் ஒரு கையெழுத்தும்

அலுவலகத்தில் அவரை லைசென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சம்பளப் பட்டியல் எழுதுகிறவரைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதில்லை. மருத்துவக் கருவிகளையும் உதிரிப் பாகங்களையும் வெளிநாட்டிலிருந்து வாங்கி விற்கும் கம்பெனி அது. கீழே கிடங்கு, மாடியில் மூன்று அறை. மூன்றாவது அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருபத்தாறு வருஷமாக அவர் உட்கார்ந்திருந்தார். வெளிநாடு போனதில்லை, பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஆனால் எந்த நாட்டு அதிகாரி எந்தக் கேள்வி கேட்பான், எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் வாயை மூடிக்கொள்வான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படித்தான் அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சாமான் என்றால் பணத்தைக் கட்டினோம், அவன் கப்பலில் ஏற்றினான், கதை முடிந்தது என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சில சாமான்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் உயிரைக் காப்பாற்றும். வேறு ஆட்கள் கையில் கிடைத்தால் ஒரு நகரத்தையே கொளுத்த உதவும். அந்த மாதிரிச் சாமானெல்லாம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும். விற்கிறவன் விற்கத் துடித்தாலும் அவனுடைய அரசாங்கம் ஏற்றுமதி லைசென்ஸ் கொடுத்தால்தான் அது அங்கிருந்து நகரும். அதற்கு, இங்கே அதைப் பயன்படுத்தப் போகிறவர் ஓர் உறுதிமொழி தர வேண்டும். இன்ன கட்டடத்தில், இன்ன மெஷினில், இன்ன வேலைக்கு வைத்துக்கொள்வேன். யாருக்கும் விற்க மாட்டேன். ஆயுதம் செய்ய மாட்டேன். நீங்கள் எப்போது வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். கீழே அவரே தம் கையால் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பக்கம்.

அந்த ஒன்றரைப் பக்கத்தில்தான் நம்ம ஆளின் சாமர்த்தியமெல்லாம் அடங்கியிருந்தது.

ஆரம்பத்தில் அவரும் முறையாகத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். டாக்டர் அறை வாசலில் மருந்துக் கம்பெனி ஆட்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, அது காய்ந்துபோகும் வரை காத்திருந்தார். ஒரு நாள், ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர், எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள், நடந்துகொண்டே, "இதுக்கெல்லாம் என்கிட்ட எதுக்குய்யா வர்றீங்க, நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார். அவர் சொன்னது பதினாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு சக்கர நாற்காலி விஷயமாக. நம்மவர் அதைச் சகல சாமான்களுக்கும், சகல காலத்துக்கும், போதாக்குறைக்குச் சகல ஆஸ்பத்திரிகளுக்கும் செல்லுபடியாகும் நிரந்தர உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருடைய மேசையின் கீழ் இழுப்பறையில் ஐந்து ஆஸ்பத்திரிகளின் ரப்பர் ஸ்டாம்புகள் குடியேறின. உறுதிமொழியை அவரே எழுதுவார், அவரே ஸ்டாம்பு குத்துவார், டாக்டர் பெயருக்கு மேல் அவரே கையெழுத்தும் போடுவார். தொடர்புக்குத் தொலைபேசி எண் கேட்டால், ஐந்து ஆஸ்பத்திரிக்கும் தம் மேசை எண்ணையே கொடுப்பார். முதலாளிக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். இழுப்பறை திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் வந்தால், ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் நடப்பதாகப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு விண்ணப்பம்கூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையில் மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

இப்படி இருக்கையில்தான் அவர் மனைவிக்குக் கல் வந்தது.

அந்த அம்மாள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து, துணிக்கடைகளுக்கு ஆல்டரேஷன் வேலை செய்துகொடுப்பவர். வலது பக்கச் சிறுநீரகத்தில் பதினாலு மில்லிமீட்டர் கல். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கவே பயமாக இருக்கிறது, இவருடைய மூச்சிரைப்புக்கு அது ஒத்துவராது என்றார். கத்தி இல்லாத வழி ஒன்று உண்டு. வெளியிலிருந்தே அதிர்வு அலையை அனுப்பிக் கல்லைத் தூளாக்கும் மெஷின். பெரிய ஆஸ்பத்திரியில் அது இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. அதற்குள்ளே பொறியைக் கிளப்பும் ஸ்பார்க் கேப் என்கிற பாகம் எரிந்துபோய்விட்டது. பெருவிரல் நீளம்தான் இருக்கும். பீங்கான் உருளை, இரண்டு முனையிலும் உலோகம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதே பாகம் அணுகுண்டைக் கொளுத்தவும் உதவும் என்பதால் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கிறது.

சொல்லிவிட்டு டாக்டர், "உங்க கம்பெனி மூலமாத்தானே வரணும்" என்று நம்மவரைப் பார்த்தார். அந்த நேரத்தில் மனைவிக்குக் கல் இருப்பதே மறந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாராம். இதை அந்த அம்மாளே பிற்பாடு சொன்னார்.

மனைவியின் அண்ணன் சேதி கேட்டு உடனே கிளம்பி வந்தார். மச்சானுக்கும் இவருக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம். "அரசாங்கத்துக்கே லைசென்ஸ் கொடுக்கிறவரு" என்று நாலு பேர் முன்னால் கிண்டல் அடிப்பவர். ஆனாலும் அன்றைக்கு நிதானமாகத்தான் பேசினார். தம் ஊர் ஆஸ்பத்திரியில் அதே மெஷின் ஓடுவதாகவும், பெயரைப் பதிந்தால் இரண்டு மாதத்தில் கூப்பிடுவார்கள் என்றும், தங்கச்சியைத் தாமே வைத்துப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். கேட்டாரா நம்ம ஆள்?

"ஆறு வாரம், மச்சான். என் மேசையைத் தாண்டித்தான் அது வரணும். என் பொண்டாட்டிக்கு நான் கொண்டுவராம வேற யாரு கொண்டுவருவா?"

அந்த அம்மாளும் கணவரை விட்டுக்கொடுக்காமல், அவர் சொன்னால் வந்துவிடும் என்றார். மச்சான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

மறுநாளே நம்மவர் ஒன்றரைப் பக்கத்தை எழுதினார். இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு அழகாக எழுதியதில்லை. பெரிய டாக்டரின் பெயருக்கு மேல், முதல் எழுத்தைச் சுழித்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். பெரிய ஆஸ்பத்திரி நடந்துபோனால் பன்னிரண்டு நிமிஷம். பெரிய டாக்டர் அன்றைக்கு அறையில்தான் இருந்தார்.

ஆறு வாரம் போயிற்று. லைசென்ஸ் வரவில்லை, ஒரு கேள்வி வந்தது. கையெழுத்துப் போட்டவர் தம் பதவியை உறுதிசெய்ய வேண்டுமாம். நம்மவர் பெரிய டாக்டராகவே இருந்து பதில் எழுதினார். இன்னொரு கேள்வி வந்தது. அதற்கும் பதில் போனது. ஒரு நாள் அந்த நாட்டிலிருந்து தொலைபேசியே வந்துவிட்டது. டாக்டர் ஆப்பரேஷனில் இருக்கிறார் என்று சொல்லி வைத்தார். சொல்லும்போது பின்னால் கிடங்கில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. ஆப்பரேஷன் தியேட்டரில் லாரி எங்கிருந்து வந்தது என்று எதிர்முனையில் யோசித்திருப்பார்கள், பாவம்.

மூன்றாவது மாதம் ஒரு மதியம், சாப்பிட வீட்டுக்கு வந்தவர் மனைவியைக் காணாமல் தேடினார். தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், அந்த அம்மாள் தரையில் சுருண்டு கிடந்தார். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று, வெட்டிப்போட்ட துணித்துண்டு ஒன்றை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. நம்மவர் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நிஜமாகவே பயந்துபோனார். அந்தப் பயத்திலாவது உண்மை வாயில் வந்ததா? வரவில்லை. வலி அடங்கியதும், "அந்த வெளிநாட்டுக்காரன்தான் இழுத்தடிக்கிறான்" என்றார்.

அன்றிலிருந்து அந்த அம்மாள் அந்த நாட்டையே திட்ட ஆரம்பித்தார். மகள் போன் செய்தால் திட்டுவார், துணிக்கடைக்காரர் வந்தால் திட்டுவார், அண்ணன் கூப்பிட்டால் இன்னும் உரக்கத் திட்டுவார். அவனுக்கெல்லாம் வீட்டில் பொம்பளைங்க இல்லையா, ஒரு விரல் நீளப் பொருளைக் கொடுக்க இத்தனை கேள்வியா என்பார். நம்மவர் தலையை ஆட்டிக்கொண்டே தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

நாலாம் மாதக் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் முன்னறிவிப்பில்லாமல் நேரே வந்து பெரிய டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அமைதியான மனுஷி. நம் பாஷையையே நிறுத்தி நிதானமாகப் பேசினார். மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார், பார்த்தார். எரிந்த பாகத்தைக் கேட்டார், அதையும் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஐந்து தாள்களை எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். ஐந்து ஆஸ்பத்திரி, ஐந்து தலைமை மருத்துவர்கள், ஐந்து உறுதிமொழிகள். ஐந்து பேரும் ஒரே வாத்தியாரிடம் பிரம்படி வாங்கிக் கையெழுத்துப் படித்த மாதிரி, முதல் எழுத்தில் ஒரே சுழி, கடைசியில் ஒரே வால், அடியில் அதே இரண்டு கோடு. ஐந்திலும் ஒரே தொலைபேசி எண்.

பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் தாளை வெகுநேரம் பார்த்தார். "இது என்னோடது இல்லீங்க" என்றார். "என் கையெழுத்தை இப்படிப் படிக்கவே முடியாது."

கதவோரம் நின்றிருந்த நம்மவர் ஓரடி முன்னால் வந்தார். பதினாலு வருஷத்து உத்தரவை நினைவூட்ட வாயெடுத்தார். லிஃப்டு, சக்கர நாற்காலி என்று இரண்டு வார்த்தை வந்தது, மேலே வரவில்லை. சொல்லச் சொல்ல அவர் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது.

அதிகாரி அம்மாள் கோபப்படவே இல்லை, அதுதான் கொடுமை. விண்ணப்பம் தள்ளுபடி என்றார். கையெழுத்து யாருடையது என்று தெரியும்வரை கம்பெனியும் ஆஸ்பத்திரியும் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கும். யாரென்று எழுத்தில் கிடைத்துவிட்டால் ஆஸ்பத்திரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம், அவர்கள் வேறு கம்பெனி மூலம் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார். அப்படியானால் எத்தனை நாள் ஆகும் என்று நம்மவர் கேட்டார். ஆள் தெரிந்தால் மூன்று வாரம். நாங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பினால், முதலாளி அதற்குள் ஒன்றும் அறியாத பச்சைக் குழந்தையாக மாறியிருந்தார். ஐயோ, இப்படியெல்லாமா நடந்தது, இந்த இழுப்பறையிலா என்று ஆச்சரியப்பட்டார். ஆனால் கெட்டிக்காரர், ஆச்சரியம் முடிந்த கையோடு வழியும் சொன்னார்.

"வேலையை விட்டுப் போன ஒருத்தன் போட்டான்னு எழுதிடுவோம். செத்துப்போனவனா இருந்தா இன்னும் நல்லது. உங்க வேலையும் தப்பும், என் கம்பெனியும் தப்பும்."

பூசி மெழுகுவதற்கு அருமையான யோசனை. தேடுகிறவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். கம்பெனி ஓடும். நம்மவர் ஓய்வு பெறும்வரை மூன்றாவது அறையில் உட்கார்ந்திருக்கலாம். கல்லும் இருக்கிற இடத்திலேயே இருக்கும், அந்த அம்மாளும் துணியைக் கடித்துக்கொண்டு தரையிலேயே கிடக்கலாம்.

நம்மவர் தம் அறைக்குப் போய் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். ஐந்து கையெழுத்தும் நான் போட்டது, டாக்டர்கள் யாருக்கும் தெரியாது என்று எழுதினார். அடியில் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த அந்தப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். சுழி, வால், கோடு ஒன்றும் இல்லை. இதைப் பெரிய தியாகமென்று யாரும் உச்சிமுகர வேண்டாம். செய்தவர் செய்ததை ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த மாடியில் அப்படி ஒன்று அதற்குமுன் நடந்ததில்லை.

சாயங்காலத்துக்குள் வேலை போயிற்று. ஐந்து ரப்பர் ஸ்டாம்புகளையும் முதலாளி தம் கையாலேயே எடுத்துத் தூதரகத்துக்கு அனுப்பி, நல்ல பெயர் வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வேறு கம்பெனி மூலம் விண்ணப்பித்தது. நம்மவரே கெஞ்சி, அந்தக் கம்பெனியின் ஆளோடு துணைக்குப் போனார். பெரிய டாக்டர் ஒன்றரைப் பக்கத்தையும் படித்தார், இரண்டு கேள்வி கேட்டார், பேனாவைத் தேடினார், கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தேடியதையும் சேர்த்து மூன்று நிமிஷம்! பக்கத்தில் நின்ற நம்மவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லைசென்ஸ் பத்தொன்பதாம் நாள் வந்தது. அடுத்த வாரம் சாமான் வந்தது. மெஷின் ஓடியது. சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆயிற்று. கல் தூளாகி, நாலைந்து நாளில் வெளியேறிவிட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு சௌகரியம். ஆனால் வீட்டில் அவர் சொல்லிவைத்திருந்த கதை வேறு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளத்தான் வேலையை விட்டேன் என்று சொல்லியிருந்தார். அந்த அம்மாள் அதை நம்பினார். நம்பியதோடு விட்டாரா? பார்க்க வந்தவர்களிடமெல்லாம், அந்தப் பாவிகள் நாலு மாசம் என்னைத் தரையில் போட்டுப் புரட்டினார்கள், இவர் ஒற்றை ஆளாக அந்த அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்று சாமானைக் கொண்டுவந்தார், வேலையையே தூக்கிப் போட்டார் என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்தவர்கள் நம்மவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மகள் போனில் அழுதாள். கடைசியில் மச்சானே கூப்பிட்டு, "மாப்பிள்ளை, அன்னிக்கு உங்களைத் தப்பா நினைச்சுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். இருபத்தெட்டு வருஷமாக அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருந்தவர் நம்மவர். வந்தபோது, அது அவருக்குச் சேர வேண்டியதாக இல்லை. பரவாயில்லை மச்சான் என்றுகூடச் சொல்ல முடியாமல் போனை வைத்துவிட்டார்.

மனைவி மெஷினில் ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நம்மவர் அவர் எதிரில் போய் முக்காலியில் உட்கார்ந்தார்.

"வெளிநாட்டுக்காரன் இழுத்தடிக்கல. நான்தான். டாக்டர் கையெழுத்தை நானே போட்டேன். அதான் நிறுத்திட்டான்."

தையல் நின்றது. பிறகு நம்மவர் எல்லாவற்றையும் சொன்னார்: இழுப்பறை, ஸ்டாம்பு, தொலைபேசி எண், ஐந்து தாள்கள், வேலை போன விதம். முடித்ததும் அந்த அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முதல் நாளே டாக்டர்கிட்ட நடந்துபோய்க் கேட்டிருந்தா?"

"ஒரு மாசத்துல வந்திருக்கும்."

அந்த அம்மாள் கால்சட்டையை மடித்து ஒரு பக்கமாக வைத்தார். அவர் கத்துவார், அழுவார், எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நம்மவர் எதிர்பார்த்தார். எதுவானாலும் அது தமக்குத் தகும் என்று இருந்தார். அந்த அம்மாள், தாம் சுருண்டு கிடந்த சுவரோர இடத்தைப் பார்த்தார். முகம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"அந்த ஊர்க்காரனை நான் திட்டாத திட்டு இல்ல. உங்களைப் பத்திப் பெருமை பேசாத ஆள் இல்ல. எல்லாத்தையும் என்னால திரும்பப் போய்ச் சொல்லிக்கிட்டிருக்க முடியாது. நீங்களே கூப்பிட்டு, ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்க. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

மெஷின்மேல் இருந்த தம் போனை எடுத்து நீட்டினார். அண்ணனின் எண்ணை அவரே அழுத்தியிருந்தார்.

நம்மவர் போனை வாங்கிக் காதில் வைத்தார். மூன்றாவது மணியில் எடுத்த மச்சான், தங்கச்சி என்று நினைத்துப் பாசமாக உடம்பு எப்படியிருக்கும்மா என்று விசாரித்தார். எதிரில் மனைவி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நான்தான் பேசறேன். உங்க தங்கச்சியை நாலு மாசம் தரையில போட்டது நான்."